தத்துவப் பேராசிரியர் நடத்திய உள்விசாரணை

உள்விசாரணையில் தொழிலாளி பக்கம் உட்காருவது சம்பளம் இல்லாத வேலை; அனுபவம் சேரச் சேர எதிரிகளும் சேருவார்கள், பதவி உயர்வு மட்டும் வராது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தொழிலாளியை நீக்க வேண்டுமென்றால் கம்பெனி முதலில் உள்ளுக்குள்ளேயே ஒரு விசாரணை நடத்த வேண்டும். குற்றம் சாட்டுவது கம்பெனி, சாட்சிகள் கம்பெனி ஆட்கள், விசாரணை அதிகாரியை நியமிப்பது கம்பெனி, அவருக்கு ஃபீஸ் கொடுப்பதும் கம்பெனி. தொழிலாளிக்கு ஒரே ஒரு சலுகை உண்டு. கூட வேலை செய்கிறவன் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருந்த எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையில் அந்தத் துணை பெரும்பாலும் நான்தான். ஒரு தடவை நீக்கப்பட்டு, கோர்ட்டுக்குப் போய், திரும்ப உள்ளே வந்தவன் என்பதுதான் என் தகுதி. படிப்பெல்லாம் சங்க ஆபீஸில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த மெல்லிய பிரசுரங்கள். அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. என்னைவிடத் தடித்த புத்தகம் படித்த தலைவர்கள் சிலர் பிற்பாடு கம்பெனிகளுக்கே ஆலோசகர்களாகப் போனார்கள். மெல்லிய புத்தகத்தில் அதற்கு வழி சொல்லியிருக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில், ‘என் ஆட்சேபணையைப் பதிவு செய்யுங்கள்’ என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டியவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

நாலு பாடம் நடத்தியவர்

தொண்ணூற்றொன்றாம் வருஷத் தொடக்கத்தில் மோல்டிங் பிரிவு தேவராஜை சஸ்பெண்ட் செய்தார்கள். சூப்பர்வைசர் கிருபாகரனை மணல் குவியலில் தள்ளிவிட்டான் என்பது குற்றச்சாட்டு. மேலதிகாரி மேல் கை வைத்தது நிரூபணமானால் வேலை போகும். தேவராஜுக்கு அது வெறும் வேலை இல்லை. கம்பெனியின் பின்பக்கச் சுவர் நிற்கும் இடம் அவன் அப்பாவின் நிலம். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று அன்றைக்கு வாயால் சொல்லியிருந்தார்கள். அந்த வேலையும் போய்விட்டால், அவன் குடும்பம் சுவரை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதுவரை விசாரணை நடத்திவந்த வக்கீலின் முடிவுகள் லேபர் கோர்ட்டில் நிற்கவில்லை. அதனால் பர்சனல் மேனேஜர் ரங்கநாதன் இந்தத் தடவை புதிதாக ஒருவரைக் கூட்டிவந்தார். பெயர் கோதண்டபாணி. சென்னையில் தத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. சார் முதலில் தர்க்கம் கற்பித்தார், அப்புறம் அறவியல், அப்புறம் மனசு சரியில்லாதவர்களுக்கு உளச்சிகிச்சை, கடைசியாகப் போலீஸ்காரர்களுக்கும் ஜெயில் வார்டர்களுக்கும் குற்றவியல் நீதி என்று ரங்கநாதன் மாப்பிள்ளையின் பெருமையைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனார். நான் எழுந்து, கம்பெனியிடம் ஃபீஸ் வாங்குகிறவர் நடுநிலையாக இருக்க முடியாது என்று ஆட்சேபித்தேன். பேராசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது நியாயமான சந்தேகம்” என்று சொல்லி, அதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். இப்படி ஒருவர் ஒப்புக்கொண்டால் அடுத்து என்ன சொல்வது என்று எந்தப் பிரசுரத்திலும் இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். தேவராஜ் என் காதோடு கேட்டான்: “ஒரு வேலைலயும் நெலையா நிக்காத ஆளா கீறாரே தோழர், இவரா என் வேலய எனக்குக் குடுக்கப் போறாரு?”

‘அதனால்’ எங்கே

முதல் நாள் சார்ஜ் ஷீட்டைப் படித்தார்கள். தேவராஜ் கையை ஓங்கினார், அதனால் சூப்பர்வைசர் கீழே விழுந்தார் என்று இருந்தது. பேராசிரியர் அந்த வரியை மூன்று தடவை படித்தார். பிறகு ரங்கநாதனைப் பார்த்து, “கை ஓங்கினதைப் பார்த்த சாட்சி இருக்கா?” என்று கேட்டார். “இருக்கு சார்.” “விழுந்ததைப் பார்த்தவங்க?” “நிறைய பேர் சார்.” “சரி. ரெண்டும் நடந்ததுன்னே வச்சிக்குவோம். ஒண்ணு நடந்ததாலதான் இன்னொண்ணு நடந்ததுன்னு காட்ட என்ன வச்சிருக்கீங்க?” ரங்கநாதன் தன் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் ஃபைலைப் பார்த்தார். பேராசிரியர் விடவில்லை. மழை வந்த அன்றைக்கு பஸ் வரவில்லை என்றால் மழைதான் பஸ்ஸை நிறுத்தியது என்று ஆகுமா, டிரைவர் லீவாகவும் இருக்கலாமே என்று கேட்டார். அன்றைக்கு எங்கள் ரூட்டில் பஸ் வராததற்கு உண்மையிலேயே டிரைவர் லீவுதான் காரணம். அது பேராசிரியருக்குத் தெரியாது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் கம்பெனியைப் பார்த்து ‘அப்படியென்றால் என்ன’ என்று கேட்ட விசாரணை அதிகாரி ஒருவரையும் நான் கண்டதில்லை. ரங்கநாதன் முழு ஃபைலையும் திரும்பப் புரட்டினார். கடைசியில், பரீட்சையில் கேள்வி பாடத்துக்கு வெளியிலிருந்து வந்துவிட்ட மாணவன் மாதிரி சொன்னார்: “சார், ‘அதனால்’ங்கறதுக்கு எங்ககிட்ட டாகுமென்ட் எதுவும் இல்ல சார்.”

நானும் தர்க்கம் படித்தவன்

இந்த வெற்றியில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அடுத்த அமர்வில் டீ இடைவேளையின்போது, எனக்கும் தர்க்கம் தெரியும், ஆனால் உங்கள் பழைய தர்க்கம் இல்லை, எங்கள் சங்கப் பிரசுரத்தில் இருக்கிற இயக்கவியல் என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ஆர்வமாகிவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “உங்க தர்க்கத்துல ஒரு பொருள் அதுவாவும் இருக்கலாம், அதுக்கு நேர் எதிராவும் இருக்கலாம், இல்லையா?” என்றார். முரண்பாடுகளின் ஒற்றுமை என்று தலைப்பே இருக்கிறது என்றேன். அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “அப்படின்னா உங்க தேவராஜ் தள்ளாமலும் இருந்திருக்கலாம், தள்ளியும் இருந்திருக்கலாம். இதை நான் பதிவு பண்ணலாமா?”

பதிவு பண்ண வேண்டாம் என்று சொன்னேன். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டேன். அந்தக் குறிப்பிட்ட பிரசுரத்தை விசாரணை முடியும்வரை கையில் எடுக்கவில்லை. தேவராஜ் வெளியே வந்ததும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னான்: “நீங்க அந்தாளுகிட்ட பேசாம இருந்தீங்கன்னா, நான் சீக்கிரம் வேலைக்குப் பூடுவேன் போல கீது தோழர்.”

தயிர்சோறு

விசாரணை நாளில் மதியச் சாப்பாடு விசாரணை அதிகாரிக்கு ஆபீசர் கேன்டீனில்தான். கோழி இருக்கும், ஐஸ்கிரீம் இருக்கும். ஐஸ்கிரீம் சாப்பிட்டு முடித்துவிட்டு வருகிறவர் நம் பக்கம் எப்படிப் பேசுவார் என்பது நம் போன்றவர்களுக்குத் தெரியும். வழக்கம் போல ஆட்சேபித்தேன். வழக்கத்துக்கு மாறாக, அடுத்த தடவை பேராசிரியர் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார். கம்பெனி காரில் வருவதையும் நிறுத்திவிட்டு, பூந்தமல்லி வந்து, ஸ்ரீபெரும்புதூர் வந்து, டவுன் பஸ் மாறி வந்தார். எங்கள் பக்கத்திலும் சும்மா இருக்கவில்லை. தேவராஜின் மனைவி கன்னியம்மா மண்சட்டியில் மீன்குழம்பு கொண்டுவந்து, “எங்க வூட்டுதும் ஒரு வாய் துன்னு பாரு சார்” என்று நீட்டினாள். ரங்கநாதன் உடனே ஆட்சேபித்தார். வாழ்க்கையில் அவர் செய்த முதல் ஆட்சேபணை அதுதான். என்னிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் இரண்டு பக்கமும் கும்பிட்டுவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். தர்க்கத்தை விட்டு ஏன் அறவியலுக்குப் போனீர்கள் என்று நான் கேட்டேன். “தர்க்க வகுப்பில ஆள் இல்லாமப் போச்சு. அறவியல் கட்டாயப் பாடம், ஆள் இருந்தாங்க” என்றார். அங்கே ஒரு பரீட்சையில் நேர்மையைப் பற்றிக் கட்டுரை கேட்டாராம். வகுப்பு முழுக்க ஒரே கட்டுரையை ஒரே பிழையோடு எழுதியிருந்தது. எல்லோருக்கும் பூஜ்யம் போட்டார். பிரின்சிபால் கூப்பிட்டு, பாடத்தை நடத்துங்கள், ஆனால் அதை இவ்வளவு நம்பாதீர்கள் என்று சொல்லி நீண்ட விடுப்பில் அனுப்பிவைத்தார். இதையெல்லாம் கேட்டபடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்த கேன்டீன் ஆரோக்கியம் பெருமூச்சு விட்டார்: “இந்தாண்ட கோழி கீது, அந்தாண்ட மீனு கீது, நடுவுல நேர்ம தயிர்சோறு துன்னுகினு கீது.”

பேசாமல் இருக்கும் வைத்தியம்

அந்த நீண்ட விடுப்பில்தான் அவர் உளச்சிகிச்சை படித்தார். “நான் சொல்றதை யாரும் கேட்கல. சரி, மத்தவங்க சொல்றதை நான் கேட்டா என்னன்னு தோணிச்சு” என்றார். மாடியில் ஒரு அறை எடுத்து, வருகிறவர்களை உட்காரவைத்து, அவர்கள் பேசப் பேச இவர் பேசாமல் இருப்பார். அதற்கு ஃபீஸ். நான் வாழ்நாள் முழுக்கப் பேசியே நாசமானவன். பேசாமல் இருப்பதற்கு ஃபீஸ் கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

விஷயம் கேன்டீனில் பரவியது. அதற்கப்புறம் டீ கொண்டுவருகிறேன் என்று ஆரோக்கியம் வந்தால் திரும்பிப் போக மாட்டார். மகன் வேறு சாதிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஆவடிக்குப் போனது, மனைவி அதைப் பற்றிப் பேசாமலே சமைப்பது என்று சுவரோரம் நின்று சொல்லிக்கொண்டிருப்பார். பேராசிரியர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு யோசனையும் சொன்னதில்லை. இது என்ன வைத்தியம், பிரச்சினைக்குக் காரணம் சமூகம், அதை மாற்றாமல் மகனைப் பற்றிப் பேசி என்ன ஆகப் போகிறது என்று நான் ஆரோக்கியத்திடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீ சொல்றது கரீட்டுதான் தோழர், ஆனா அவுருகிட்ட சொல்லிட்டுப் போனா ராத்திரி தூக்கம் வருது, உன்னிது கேட்டா வர்ற தூக்கமும் பூடுது.”

வயர்

அந்த வருஷம் மே மாதம் எங்கள் ஊரில் குண்டு வெடித்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு பல மாதங்கள் ஸ்ரீபெரும்புதூரில் வெளியூர் முகம் ஒன்று பஸ்ஸை விட்டு இறங்கினாலே போலீஸ் நிறுத்தும். லாட்ஜில் அறை கிடையாது. சாமி கும்பிட வந்தவர்களிடமும் கேள்வி. அந்தச் சமயம் பார்த்து, கம்பெனி டைப்பிஸ்ட் சாட்சி சொன்னதை மாற்றி அடிக்கிறார் என்று நான் சண்டை போட்டதால், பேராசிரியர் தன் பழைய டேப் ரிக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பையைத் திறந்தால் மேலே வயர். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார். நான் யார் தெரியுமா, உங்கள் டிபார்ட்மெண்டுக்கே குற்றவியல் நீதி பாடம் நடத்தியவன் என்று இவர் சொல்லியிருக்கிறார். “அப்ப உங்களுக்கே எல்லாம் தெரிஞ்சிருக்குமே சார், ஜீப்புல ஏறுங்க” என்று மரியாதையாகவே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

விசாரணைக்கு ஆள் வரவில்லை என்றதும் ரங்கநாதன் ஸ்டேஷனுக்கு வரப் பயந்தார். நான் போனேன். அந்த ஸ்டேஷன் எனக்கு மாமனார் வீடு மாதிரி. எந்தப் பெஞ்சில் மூட்டைப்பூச்சி என்பதுகூடத் தெரியும். பேராசிரியர் அமைதியாக உட்கார்ந்திருந்தார். குற்றவியலுக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று நேரம் போகக் கேட்டேன். அவருடைய மாடி அறைக்கு வந்து பேசிக்கொண்டிருந்த ஒரு பையன் ஒருநாள் கத்தியால் ஒருவனைக் குத்திவிட்டு ஜெயிலுக்குப் போனான். “அவன் சொன்னதையெல்லாம் கேட்டுகிட்டேதான் இருந்தேன். கேட்டது மட்டும் போதல. அதான் அவன் பின்னாலயே ஜெயிலுக்குப் போனேன், பாடம் நடத்த” என்றார்.  சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ஸ்டேஷன் ரைட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: “உன்னய வெளிய எடுக்கத்தான்யா ஆளுங்க வருவாங்க, இன்னிக்கி நீ ஒரு ஆள எடுக்க வந்துகீற, வயசாயிடுச்சி உனக்கு.”

சாட்சி உண்மை பேசிய நாள்

கிருபாகரனைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நாள் வந்தது. தேவராஜுக்கு நான் முன்பே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தேன்: நிர்வாக சாட்சி எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதே. ‘ஆமா சார்’ என்று ஒரு தடவை தலையாட்டியதற்காக வேலை இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அதனால் அவனை வீட்டிலும் டீக்கடையிலும் வைத்துக் கேள்வி கேட்டு, எதற்கும் மறுப்புச் சொல்லப் பழக்கியிருந்தேன். நான் கிருபாகரனிடம் மதியம்வரை கேள்வி கேட்டேன். அவர் மனப்பாடம் செய்ததையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் களைத்து உட்கார்ந்ததும், பேராசிரியர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “அன்னிக்கு என்ன நடந்ததுன்னு நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். ஃபேன் ஓடியது. ரங்கநாதன் இருமினார். பேராசிரியர் கிருபாகரனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியத்தைப் பார்க்கிற அதே பார்வை.

கிருபாகரன் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரையும் பார்க்காமல் பேச ஆரம்பித்தார். “காலைல ஜி.எம். என்னை எல்லார் எதிர்லயும் அசிங்கமாத் திட்டினாரு சார். அந்தக் கோவத்துல வந்து இவன் காலரை நான்தான் பிடிச்சேன். இவன் உதறினான், அவ்ளோதான். தள்ளல. நான் மணல்ல வழுக்கி விழுந்தேன். மோல்டிங்ல மொத்தப் பேரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு சார். அதான் ஆபீஸ்ல எழுதச் சொன்னதும் எழுதிக் கொடுத்தேன்.” ரங்கநாதனின் வாய் திறந்தபடியே இருந்தது. என் தொழில் வாழ்க்கையில் நிர்வாக சாட்சி ஒருவர் உண்மை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பேராசிரியர் தேவராஜ் பக்கம் திரும்பினார். “இவர் சொன்னதை நீங்க ஏத்துக்கிறீங்களா?” தேவராஜ் விறைப்பாக எழுந்து நின்றான். “ஏத்துக்க மாட்டேன் சார்.” நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவன் குரலை உயர்த்தினான். “நிர்வாக சாட்சி இன்னா சொன்னாலும் அத்தினியும் பொய் சார்! எதையும் ஏத்துக்க மாட்டேன்!”

அதை நீக்கும்படி கேட்டேன். பதிவானது பதிவானதுதான் என்று ரங்கநாதன் துள்ளினார். அதுவும் நான் அடிக்கடி சொல்கிற வசனம்தான். சொல்லிக்கொடுத்த பாடத்தில் குறை ஒன்றும் இல்லை, பரீட்சைக்கு வேறு கேள்வி வந்துவிட்டது என்று தேவராஜுக்குச் சமாதானம் சொல்லியபடி கேட்டுக்கு வெளியே வந்தேன். அங்கே நின்றிருந்த கன்னியம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம். அவள் புருஷனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புருஷனிடம் சொன்னாள்: “ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி அந்தாளு வாயில நெசம் வந்துச்சி, அத்தயும் வேணான்னுட்டு வந்து நிக்கிறியே, உன்ன வச்சிகினு நான் இன்னாய்யா பண்றது?”

கடைசிப் பக்கம்

அறிக்கை வர வாரக்கணக்கில் ஆயிற்று. அதுவரை கன்னியம்மா என்னோடு பேசவில்லை. தேவராஜ் சுண்ணாம்பு அடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் கம்பெனியின் பின்பக்கச் சுவருக்கே அவனைச் சுண்ணாம்பு அடிக்கக் கூப்பிட்டார்கள், அவன் போகவில்லை. என் தூக்கமும் போனது. ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, பேராசிரியரிடமும் சொல்லவில்லை.

அறிக்கை ஒரு செங்கல் கனத்தில் வந்தது. முழுக்க ஆங்கிலம். ரங்கநாதன் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். நான் முதல் பக்கத்திலிருந்து அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அந்த வகையில் அதை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். சாட்சி சொன்னதைத் தேவராஜ் மறுத்ததால் அதற்கு நேர்மாறானது உண்மையாகிவிடாது என்று ஒரு அத்தியாயம். பயந்தவன் பழக்கப்பட்டதைச் சொல்வான், அது வாக்குமூலம் ஆகாது என்று ஒன்று. நிலத்தை வாங்கிக்கொண்டு கொடுத்த வேலையைப் பறிப்பதில் சாதாரண நீக்கத்தைவிடக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்று ஒன்று. தண்டனை எதற்கு, யாருக்கு என்று ஒன்று. கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: குற்றம் நிரூபிக்கப்படவில்லை. தங்கள் அதிகாரியே இப்படி எழுதியதை வைத்துக்கொண்டு லேபர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று கம்பெனிக்குத் தெரிந்தது. தேவராஜை அடுத்த திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு வரச் சொன்னார்கள். உத்தரவை என் கையில் கொடுத்தபோது ரங்கநாதன் சொன்னார்: “நாலு சப்ஜெக்ட் தெரிஞ்சவரைக் கூட்டிட்டு வந்தது எங்க தப்பு, அடுத்த தடவை ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சவராப் பார்க்கணும்.”

தானாக விட்டது

கதை இங்கே முடிந்திருந்தால் நான் சங்கத்தில் மாலை போட்டுக்கொண்டிருப்பேன். தேவராஜ் உள்ளே போன அதே வாரம் கிருபாகரனை சஸ்பெண்ட் செய்தார்கள். பொய்ப் புகார் கொடுத்து நிர்வாகத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அந்தப் புகாரை அவரை உட்காரவைத்து எழுத வைத்தது யார் என்பதைச் சார்ஜ் ஷீட்டில் எழுதவில்லை. சாட்சியங்கள் எல்லாம் தெரிந்தவர் என்பதால், விசாரணை அதிகாரியாகக் கோதண்டபாணியையே போட்டார்கள். வேறு ஆள் தேடுகிற சிரமம் மிச்சம்.

பேராசிரியர் வந்தார். சார்ஜ் ஷீட்டைப் படித்தார். மேஜை மேல் திருப்பிவைத்துவிட்டு, என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். டேப் ரிக்கார்டர் பையை நான் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தேன். ஒரகடம் பக்கமிருந்து ஒரு டிராக்டர் கருங்கல் ஏற்றிக்கொண்டு போனது. ரோட்டில் வேறு யாரும் இல்லை. “அந்த மனுஷன் என்னை நம்பிப் பேசினான். அந்தப் பேச்சை வச்சே அவனைத் தண்டிக்க நான் உட்கார்ந்தேன்னா, இத்தனை வருஷம் நான் கத்துக்கிட்டதுல எதுல அது சேரும்?” என்று கேட்டார். எதிலும் சேராது என்றேன். அவரோடு நான் ஆட்சேபணை இல்லாமல் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி, பையை வாங்கிக்கொண்டு, சிரித்தபடி சொன்னார்: “தர்க்கம், அறவியல், வைத்தியம், சட்டம் எல்லாமே என்னை விட்டுட்டுப் போச்சு சார், இது ஒண்ணைத்தான் நானா விடறேன், நல்லா இருக்கு.”

பெஞ்சு

அடுத்த வாரம் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குக் கிருபாகரன் வந்தார். முதல் ஷிப்டு முடிந்து நானும் தேவராஜும் உட்கார்ந்திருந்தோம்.  அவர் டீ சொல்லவில்லை. வெயிலில் நின்றுகொண்டே, “ஆபீசருங்க யாரும் எனக்குத் துணைக்கு வர மாட்டேன்றாங்க. நீங்க உட்காருவீங்களான்னு கேக்க வந்தேன்” என்றார். சங்க விதிப்படி உறுப்பினருக்குத்தான் போக முடியும் என்றேன். சட்டப்படி சூப்பர்வைசர் தொழிலாளி கிடையாது என்றேன். மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது. முன்பு நான் நீக்கப்பட்டேனே, அது இதே கிருபாகரன் எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்டில்தான். வேலை இல்லாமல் கோர்ட்டுக்கு நடந்த அந்த வருஷங்களில் என் மனைவி செங்கல் சூளைக்குப் போனாள். அதை நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிங்க” என்று அவர் திரும்பினார். தேவராஜ் டம்ளரைக் கீழே வைத்தான். காலரைப் பிடித்தவர், மணலில் விழுந்தவர், புகார் எழுதியவர், உண்மையைச் சொன்னவர் எல்லாம் அந்த ஒரே ஆள்தான். அவன் எல்லாவற்றையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தது போலத் தெரிந்தது. பிறகு பெஞ்சில் என்னை நெருக்கிக்கொண்டு நகர்ந்து, அந்தப் பக்கம் இடம் விட்டு, கையால் தட்டிக் காண்பித்தான்: “இப்டி குந்து சார், தோழரு அப்டித்தான், மொதல்ல முடியாதுன்னு சட்டம் பேசுவாரு, விசாரணைக்கு நமக்கு முன்னால வந்து நின்னுகினு இருப்பாரு.”

தத்துவம் படித்தவர் அந்த மேஜையை விட்டுப் போய்விட்டார். அதைப் படிக்காத நான் அடுத்த மாதம் அங்கே ஒரு சூப்பர்வைசருக்குப் பக்கத்தில் துணையாக உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.